வெளிநாட்டில் கார் ஓட்ட: கூகுள், வேஸ், ஆர்கானிக் மேப்ஸ், வண்டி ஜிபிஎஸ் – எது எங்கே உதவும்?

சென்னையில் மேப் குழப்பினால் கண்ணாடியை இறக்கி ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டுவிடலாம். ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் அது நடக்காது. ஒரு எக்ஸிட்டைக் கோட்டைவிட்டால் அடுத்த எக்ஸிட் வரை போய்த்தான் ஆக வேண்டும். நடுவில் யூ-டர்ன் கிடையாது. ஆகவே எந்த ஆப்பையும் ஒரு கேள்வி கேட்டு எடைபோடலாம்: நெட் இல்லாதபோது திருப்பத்தை விட்டால் மறுவழி சொல்லுமா?

கூகுள் மேப்ஸ் சொல்லும், ஆஃப்லைன் மேப் இறக்கியிருந்தால். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு சிம் தேவையில்லை. வரைபடத்துக்குத்தான் டேட்டா வேண்டும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், இறக்கும் பகுதி ஒரு செவ்வகம். வழி அதைத் தாண்டிப் போனால் கதை முடிந்தது. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போகிறீர்கள் என்றால் இரண்டு பகுதிகளையும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி இறக்குங்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே போனை ஃப்ளைட் மோடில் போட்டு, ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்கு வழி கேட்டுப் பாருங்கள். வந்தால் சரி. ஆஃப்லைனில் டிராஃபிக் நிலவரமும், தேர்ந்தெடுக்க வேறு வழிகளும் வராது. எரிபொருள் சிக்கன வழியைக் காட்டும் செட்டிங்கையும் அணைத்துவிடுங்கள். மலைப்பகுதியில் குறுகலான ரோட்டில் கொண்டுபோய் விட வாய்ப்புண்டு.

வேஸ் இந்தப் பரீட்சையில் ஃபெயில். 2013-ல் கூகுளே வாங்கிய ஆப்தான், ஆனால் மேப்பை முன்கூட்டி இறக்கிவைக்க வழியில்லை. டேட்டா இருந்தால் மட்டும் ராஜா: விபத்து, நெரிசல் எல்லாம் உடனுக்குடன் காட்டும். மலேசியாவுக்கு அதுவே சரி. உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் நம்புகிறார்கள், நம்மூர் மாதிரியே இடதுபக்கம் ஓட்டுவதால் கையும் தடுமாறாது. நெடுஞ்சாலை டோல்களில் ரொக்கம் செல்லாது. டச் அண்ட் கோ கார்டில் எவ்வளவு இருக்கிறது என்று வண்டி எடுக்கும்போதே கேளுங்கள். ஜெர்மனியிலோ ஸ்பீடு கேமரா அலர்ட்டை ஓட்டும்போது பயன்படுத்தவே தடை. அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ஆர்கானிக் மேப்ஸ் இரண்டாவது போனில் இருக்கட்டும். நாடு நாடாக, மாகாணம் மாகாணமாக இறக்கலாம், விளம்பரம் இல்லை. வீட்டு எண் தேடுவதில் சுமார்தான் என்பதால் ஹோட்டலையும் பார்க்கிங்கையும் முன்பே குறித்துவையுங்கள்.

வாடகை வண்டியில் நாள் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு தரும் ஜிபிஎஸ் பெரும்பாலும் தண்டச்செலவு. மேப் பழசாக இருக்கும். விதிவிலக்கு ஜப்பான். ஹோட்டலின் போன் நம்பரையோ மேப்கோடையோ (இடத்தைக் குறிக்கும் எண்) தட்டினால் போதும், வழி காட்டிவிடும். கவுண்ட்டரிலேயே மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். வண்டியோடு பொருத்தி வந்த கருவிக்கு இன்னொரு பலம் உண்டு: சக்கரத்தின் வேகத்தை வைத்தும் இடத்தைக் கணிப்பதால் சுரங்கத்துக்குள் தடுமாறாது. போன் அங்கே சிக்னலை இழக்கும். நார்வேயில் சுரங்கத்துக்குள்ளேயே ரவுண்டானா இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை உள்ளே நுழையும் முன்பே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஓட்டு ஆஃப்லைன் கூகுளுக்கு. ஆனால் எந்த ஆப்பும் முழுதாகக் காப்பாற்றாத இடங்கள் உண்டு. பெல்ஜியத்தில் போன் லியேஜ் என்னும், டச்சு பேசும் பகுதியின் பலகை லாய்க் என்னும். இரண்டும் ஒரே ஊர். பெயரைப் பார்க்காமல் ரோட்டு எண்ணைப் பாருங்கள்.

இத்தாலி நகரங்களின் பழைய மையப்பகுதி பலவும் இசட்டிஎல், அதாவது அனுமதியில்லாத வண்டிக்குத் தடை. கேமரா நம்பர் பிளேட்டைப் பிடிக்கும், ஆப் நேராக உள்ளே அனுப்பவும் செய்யும். முதலில் வாடகைக் கம்பெனி உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கே கார்டில் கட்டணம் எடுக்கும், பல மாதம் கழித்து அபராதம் சென்னை வீட்டுக்கே வரும். ஹோட்டல் உள்ளே இருந்தால் வண்டி நம்பரைக் கொடுத்து அனுமதி பதியச் சொல்லுங்கள். ஃப்ளாரன்ஸ் என்றால் நகரத்தைக் குறியாக வைக்காமல், ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டிய வில்லா கோஸ்தான்சா பார்க்கிங்கை வையுங்கள். அங்கிருந்து டி1 டிராம் ஊருக்குள் போகும்.