என்கனெக்ட்: ஒரு வரிசையைக் கலைக்கும், மற்றதைத் தொடாது

லினக்ஸ் என்எஃப்எஸ் (சர்வரில் இருக்கும் ஃபைல்களை நெட்வொர்க் வழியாக நம் மெஷினிலேயே இருப்பதுபோல் பயன்படுத்தும் முறை) கிளையன்டில் இருக்கும் என்கனெக்ட் (nconnect) மவுண்ட் ஆப்ஷனைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரே சர்வருக்கு ஒன்றுக்குப் பதில் பல இணைப்புகளைத் திறக்கச் சொல்வதுதான் இதன் வேலை. 2019-இல் கர்னல் 5.3-ஓடு வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் இதைப் போட்டால் லாக் (ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டு) பிரச்சினை மொத்தமும் தீர்ந்துவிடும் என்று நம்பி யாரும் போட வேண்டாம்.

எங்கள் வேலை இதுதான்: கோர் நிறைய உள்ள மெஷினில் பல த்ரெட்கள் ஒரே சர்வரிலிருந்து வெவ்வேறு பெரிய ஃபைல்களைப் படிக்கும். நெட்வொர்க்கில் இடம் இருக்கிறது, சர்வரும் சும்மாதான் இருக்கிறது, ஆனாலும் வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறவே இல்லை. பெர்ஃப் டாப் (சிபியு நேரம் எந்த ஃபங்ஷனில் போகிறது என்று காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்த்தால் உச்சியில் நிற்பது ஸ்பின்லாக்குக்கு (கிடைக்கும்வரை சிபியுவைச் சுற்றவிட்டுக் காத்திருக்க வைக்கும் லாக்) காத்திருக்கும் ஃபங்ஷன். காரணம் எளிது. சாதாரணமாக ஒரே என்எஃப்எஸ் வெர்ஷனில் ஒரு சர்வரிலிருந்து எத்தனை மவுண்ட் செய்தாலும் கிளையன்ட் ஒரே டிசிபி இணைப்பைத்தான் பகிர்ந்துகொள்ளும், அந்த இணைப்பின் சாக்கெட்டில் ஒரு ரிக்வெஸ்ட் எழுதி முடிந்த பிறகுதான் அடுத்ததை எழுத முடியும் (பைட்டுகள் நடுவில் கலந்துவிடக் கூடாதே), அதனால் மற்றவை எல்லாம் பின்னால் நிற்கும். பதில் வரும்போதும் நெட்வொர்க் கார்டு அந்த ஒரு இணைப்பை ஒரே ரிசீவ் க்யூவில்தான் தள்ளும்; ஒரு கோர் திணறும், மற்றவை வேடிக்கை பார்க்கும்.

என்கனெக்ட்=8 போட்டால் எட்டு இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, தனி லாக். ரிக்வெஸ்ட்கள் அவற்றுக்குள் பிரிந்து போகும். அதிகபட்சம் 16. அப்ளிகேஷனில் ஒரு வரி மாற்ற வேண்டாம்.

ஆனால் முதல் நாள் இது வேலையே செய்யவில்லை. ரீமவுண்ட் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் புரிந்தது: அந்த சர்வருக்கு முதலில் போன மவுண்ட் எத்தனை இணைப்போடு போனதோ அதையேதான் பின்னால் வருபவையும் எடுத்துக்கொள்ளும். அதே சர்வரின் இன்னொரு டைரக்டரி பழைய மவுண்டாகவே கிடந்தது. எல்லாவற்றையும் அன்மவுண்ட் செய்துவிட்டுப் புதிதாக ஏற்றி, இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் (ss) கமாண்டில் என்எஃப்எஸ்ஸின் 2049 போர்ட்டைப் பார்த்தபோது எட்டு வரி வந்தது. இந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் வேகத்தை அளக்கவே உட்காராதீர்கள்.

இனி இது தொடாத இடங்கள். ஒரே ஃபைலில் பல த்ரெட்கள் எழுதினால் அந்த ஐநோடின் (கர்னலில் ஒரு ஃபைலைக் குறிக்கும் பதிவு) லாக்கை ஒருவர்தான் பிடிக்க முடியும், பஃபர் வழியாக (கர்னலின் மெமரி கேஷ் மூலம்) எழுதும்போது படிப்பவர்கூட வெளியே நிற்க வேண்டும். நூறு இணைப்பு இருந்தாலும் இதே கதைதான். அந்தக் கேஷைத் தவிர்க்கும் ஓ_டைரக்ட்டில் (O_DIRECT) திறந்தால் எழுதுவதும் படிப்பதும் பலர் ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடிய பகிர்ந்த லாக்கில் சேர்ந்தே நடக்கும், ஆனால் அதே ஃபைலை இன்னொரு புரோகிராம் பஃபரோடு தொட்டால் இரண்டு முறைகளும் மாறி மாறிக் காத்திருக்கும், அதனால் கலக்காதீர்கள்.

டைரக்டரி இன்னும் மோசம். ஒரு டைரக்டரியில் புது ஃபைல் உருவாக்கும்போது, சர்வரிடமிருந்து பதில் வரும்வரை அந்த டைரக்டரியின் லாக்கை கர்னல் விடாது. போய்வர 1 மில்லிசெகண்ட் என்றால் அந்த ஒரு டைரக்டரியில் செகண்டுக்கு 1000 ஃபைலுக்கு மேல் வரவே வராது, எத்தனை த்ரெட் போட்டாலும். நாங்கள் ஃபைல் பெயரின் ஹேஷை (பெயரிலிருந்து கணக்கிடும் எண்) வைத்து 256 துணை டைரக்டரிகளாகப் பிரித்தோம். சின்ன ஃபைல் வேலைக்கு என்கனெக்டைவிட இதுதான் கை கொடுத்தது, இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இன்னும் என்எஃப்எஸ் 4.0 ஓடுகிறவர்கள் 4.1-க்கு மாறிவிடுங்கள். 4.0-இல் ஒரே ஓப்பன் ஓனரின் (ஃபைலைத் திறப்பவர் என்று கிளையன்ட் சர்வரிடம் சொல்லும் அடையாளம்) ஓப்பன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், 4.1-இன் செஷன் ஸ்லாட்கள் (ஒரே நேரத்தில் பல ரிக்வெஸ்ட்களை அனுப்ப இருக்கும் இடங்கள்) அந்தத் தடையை எடுத்துவிடுகின்றன.

இப்போது 8-லேயே விட்டிருக்கிறேன். 16 வைத்தும் பார்த்தேன், எங்கள் வேலைக்கு வித்தியாசம் தெரியவில்லை, சர்வர் பக்கம் இணைப்புகள்தான் கூடின.