ஸ்ட்ரீட் ஃபைட்டர் 1987: ரப்பர் பேடா, ஆறு பட்டனா?

கேம் கம்பெனி கேப்காம் 1987ல முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர்ங்கிற சண்டை வீடியோ கேம விட்டப்போ, காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின் ரெண்டு விதமா வந்துச்சு. டீலக்ஸ்ல குத்துக்கு ஒண்ணு உதைக்கு ஒண்ணுனு பெரிய ரப்பர் பேடு, நீங்க எவ்ளோ ஓங்கி அடிக்கிறீங்களோ அவ்ளோ பலமா ஸ்க்ரீன்லயும் அடி விழும், ஐடியா செம்ம தான், ஆனா ஆட்டம் சூடு பிடிச்சா கை வலி பின்னிடும், மெஷினும் அடி தாங்காது.

இன்னொண்ணு ஆறு பட்டன். மூணு குத்து, மூணு உதை, லைட் மீடியம் ஹெவினு. ஹடோகன், அதாவது கையிலேர்ந்து சக்திப் பந்து வீசுற ஸ்பெஷல் அடி போடணும்னா ஸ்டிக்க கீழ, சாய்வா, முன்னாடினு உருட்டி அதே நொடில குத்து விழணும், அங்க கைய ஓங்கிட்டு நின்னா டைமிங் போச்சு, விரல் நுனி தான் சரி.

என் ஓட்டு கண்ணை மூடிட்டு பட்டனுக்குத்தான். 1991ல வந்த ரெண்டாம் பாகமும் இதே ஆறு பட்டனத்தான் எடுத்துக்கிச்சு.