செயின்சா பிரேக் கைப்பிடி மாற்றக் கொடுக்கிறீர்களா? கவரைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் மரம் வெட்டும் வேலை, தோட்ட வேலை பார்க்கும் நம்மாட்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

போன மாதம் லாரியிலிருந்து இறக்கும்போது என் ஹஸ்க்வர்னா கம்பெனி செயின்சா (மோட்டார் ரம்பம்) கைதவறி விழுந்து, முன்பிடிக்கு முன்னால் நிற்கும் கறுப்பு பிரேக் கைப்பிடி (முன்னால் தள்ளினால் ஓடும் செயினை நிறுத்துவது) அடியோடு விரிசல் விட்டுவிட்டது. சுங்கை காடுட் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கவுண்டரில் நம்ம ஊர்த் தம்பி ஒருவர். "ஒரிஜினல் பார்ட்டுதான்ணே, பிரேக்கையும் செக் பண்ணிக் குடுத்துடுறோம்" என்றார். 140 வெள்ளி. மறுநாள் போனால் கைப்பிடி புதுசாகப் பளபளவென்று இருந்தது, முன்னால் தள்ளினால் 'டக்', பின்னால் இழுத்தால் 'டக்'. அந்தச் சத்தத்தை நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று அடித்து, ஒரு தரைவீட்டு வாசலில் அங்சானா மரக்கிளை முறிந்து தொங்குகிறது என்று போன் வந்தது. மேலே ஏற வேண்டியவன் புதுக்கோட்டைப் பையன், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவன் கையில் கொடுக்கும் முன் நான் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, முழு வேகம் கொடுத்து, பிடியை விடாமல் இடது மணிக்கட்டால் பிரேக்கைத் தள்ளிப் பார்ப்பது வழக்கம். கண் இமைப்பதற்குள் செயின் நிற்க வேண்டும். 'டக்' என்று கேட்டது, செயின் ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனியின் மேல்பாதி ஏதாவது கிளையில் பட்டால் ரம்பம் அப்படியே முகத்துக்குத் தூக்கி அடிக்கும், அந்த நேரத்தில் அவனைக் காப்பாற்ற இந்தப் பிரேக்தான் இருக்கிறது.

பக்கக் கவரின் இரண்டு நட்டையும் கழற்றித் திறந்தேன். செயினை ஓட்டும் உருளையான கிளட்ச் டிரம்மைச் சுற்றிப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை, கொக்கி மாட்டும் இடத்தில் அறுந்து கிடந்தது. அறுந்த முனை புதுசாக மின்னவில்லை, எண்ணெயும் மரத்தூளும் ஏறிக் கறுத்துப் போயிருந்தது, அதாவது கடைக்குப் போகும் முன்பே அறுந்தது. என் மாடலில் கவரைக் கழற்றாமல் கைப்பிடியை மாற்றவே முடியாது. பார்த்துவிட்டுத்தான் மூடியிருக்கிறார்கள். 'டக்' என்ற சத்தம் ஸ்பிரிங்கில் இருந்து வருவது, பட்டை இல்லாவிட்டாலும் வரும்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ஹேண்டில் மாத்தத்தானே சொன்னீங்க?" என்கிறார் அதே தம்பி. பில்லில் 'ரிப்பேர்' என்று ஒரே ஒரு சொல், பார்ட் நம்பர் கிடையாது. அப்புறம் கம்பெனி டீலரிடம் காட்டினேன். கைப்பிடியும் ஒரிஜினல் இல்லையாம், உள்பக்கம் பெயரும் நம்பரும் எதுவும் இல்லை. ரம்பம் தூக்கி அடிக்கும்போது கை படாவிட்டாலும் கைப்பிடி தன் எடையிலேயே முன்னால் பாய்ந்து பிரேக்கைப் போட வேண்டும், அதனால் எடை மாறினால் அதுவும் சந்தேகம்தான் என்றார். பட்டை, கைப்பிடி இரண்டையும் மாற்றித் தந்தார்.

நீங்கள் வாங்கும்போது கடையிலேயே கவரைத் திறந்து பட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பிரேக்கைப் பின்னால் இழுத்து விட்டபிறகே கழற்ற வேண்டும், இல்லையென்றால் பட்டை இறுகிப்போய்க் கவர் மறுபடி டிரம்மில் ஏறாது. கவரை மூடியபிறகு ஓடவிட்டு, பிரேக்கைத் தள்ளி நிறுத்திப் பாருங்கள். என்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கை விடுவித்து, பின்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு பார் நுனியை ஓரடி உயரத்திலிருந்து ஒரு மரக்கட்டைமேல் விழவிட்டால் கைப்பிடி தானாக முன்னால் பாய்ந்து பிரேக் விழ வேண்டும். பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள், நான் வாங்காமல் விட்டேன்.

ஸ்மால் கிளைம்ஸில் (சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றம்) வழக்குப் போடப் போகிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், வக்கீல் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அறுந்த பட்டையைப் பையில் போட்டு லாரியிலேயே வைத்திருக்கிறேன், பார்க்க விரும்பும் தம்பிகள் சொல்லுங்கள், வேலை முடிந்து வந்து காட்டுகிறேன்.