1 சேர்வர், 8 திரை, 14 பேர்: எந்த ஒபிஸ் லைசன்ஸ்?

கிளிநொச்சியில நெல்லு கொள்வனவு செய்யிற ஒரு இடம். ஏ9 றோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க. ஒரு சேர்வர், 8 தின் கிளையன்ட் (வேலை எல்லாம் சேர்வரில நடக்க, அதை திரையில காட்டுற சின்னப் பெட்டி), மாறி மாறி வந்து இருக்கிற 14 பேர். ஆர் எந்த மேசையில இருந்தாலும் அவையின்ர டெஸ்க்டொப் அவைக்கு வரும், கரண்ட் போய் மேசையில திரை அணைஞ்சாலும் சேர்வர் யுபிஎஸ்ஸில ஓடினா திறந்து வைச்ச ஃபைல் அப்பிடியே கிடக்கும். வன்னிக்கு இதைவிட தோதான ஏற்பாடு இல்லை எண்டுதான் நான் சொல்லுவன்.

ஆனா நான் போன நேரம் வேர்ட் ஓடேல்லை. "அண்ணை, வாசிக்கலாம், பிரிண்டும் எடுக்கலாம், ஒரு எழுத்து மாத்த ஏலாமல் கிடக்கு" எண்டு கணக்கு பாக்கிற பிள்ளை சொன்னா. பாத்தா, வித்தவர் 14 பேருக்கும் மைக்ரோசொப்ட் 365 பிஸ்னஸ் ஸ்டாண்டர்ட் எண்ட சந்தாவை குடுத்திருக்கிறார். தனித்தனி லப்டொப்புக்கு அது நல்ல சாமான். பலபேர் ஒரே சேர்வரில ஏறி வேலை செய்யிறதெண்டா 'ஷெயார்ட் கொம்பியூட்டர் அக்டிவேஷன்' வேணும், ஸ்டாண்டர்டில அது இல்லை. பிஸ்னஸ் வரிசையில அது இருக்கிறது பிரீமியத்தில மட்டும்தான், அதுக்கு வெளியில பெரிய நிறுவன வரிசையில எண்டா ஈ3, ஈ5, பிறகு 'அப்ஸ் ஃபோர் என்டர்பிரைஸ்'. பேர் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கிற 'அப்ஸ் ஃபோர் பிஸ்னஸ்'ஸை தூக்கிக்கொண்டு வந்திடாதேங்கோ, அதிலயும் இல்லை.

இப்ப விலையை பாருங்கோ, சிரிப்பு வரும். 2025 அமெரிக்க விலைப்படி, வருச ஒப்பந்தத்தில ஆளுக்கு மாசம் ஸ்டாண்டர்ட் 12.50 டொலர், அப்ஸ் ஃபோர் என்டர்பிரைஸ் 12 டொலர். ஓடாததுக்கு அரை டொலர் கூட! வித்தியாசம் என்னெண்டா என்டர்பிரைஸ் அப்ஸில மெயில் பெட்டி வராது. இவைக்கு மெயில் ஏற்கெனவே வேற இடத்தில இருக்கு, அதால பிரச்சினை இல்லை. 14 பேருக்கு வருசம் 2016 டொலர், டொலரை 300 ரூவா எண்டு வைச்சா 6 லட்சத்துக்கு கிட்ட. பிரீமியம் 22 டொலர், அது 11 லட்சத்தை தாண்டும், மெயிலும் பாதுகாப்பு சாமானுகளும் சேர்ந்து வரும். மெயில் இல்லாத இடம் எண்டா பிரீமியத்தை யோசிக்கலாம், மெயில் இருக்கிற இடத்துக்கு அது வீண் காசு.

நெட் பயம் எல்லாருக்கும் வாறது. சேர்வரில முதல் தரம் வேர்டை திறக்கேக்க நெட்டில போய் லைசன்ஸ் இருக்கெண்டு காட்டுற ஒரு டோக்கன் எடுக்கும், அது கொஞ்ச நாள் நிக்கும், பிறகு தானா புதுப்பிக்கும். ரெண்டு நாள் லைன் அறுந்தாலும் வேலை நிக்காது.

சந்தாவே வேண்டாம், ஒருக்கா காசு குடுத்து முடிப்பம் எண்டா ஒபிஸ் எல்டிஎஸ்சி 2024 இருக்கு, 2029 ஒக்டோபர் மட்டும் சப்போர்ட். இது ஆளை எண்ணாது, சேர்வருக்கு வாற கருவியை எண்ணும். 8 தின் கிளையன்டுக்கு 8 லைசன்ஸ், 14 பேர் மாறி மாறி இருந்தாலும் அந்த எண்ணிக்கை கூடாது. இவ்வளவு மட்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா மனேஜர் பின்னேரம் வவுனியா வீட்டில இருந்து லப்டொப்பில உள்ளுக்க வந்தா அது ஒம்பதாவது, மகளின்ர லப்டொப்பில ஒருக்கா பாத்தா பத்தாவது. ஆக்கள் கூட, திரை குறைவு, ஒருத்தரும் வெளியில இருந்து வராத இடம் எண்டா இதுதான் மலிவு. கடையில பெட்டியில விக்கிற ஹோம் அன்ட் பிஸ்னஸ் இந்த மாதிரி சேர்வரில அக்டிவேட்டே ஆகாது, அந்தப் பக்கம் போகாதேங்கோ.

எஃப்3 எண்டு மலிவா ஒரு மைக்ரோசொப்ட் சந்தாவை காட்டுவினம். அதில பிரவுசரும் ஃபோனும்தான், சேர்வரில போடுற வேர்ட் இல்லை.

வேர்ட், எக்செல் மாதிரி வேலை செய்யிற லிப்ரே ஒபிஸை நான் ஒதுக்கேல்லை. சதம் காசில்லை, எத்தினை பேர் ஏறினாலும் கேள்வி இல்லை, கடிதம் அடிக்க மட்டும் இருக்கிற நாலு பேருக்கு அதுவே காணும். இடிக்கிறது கணக்குப் பக்கம்: வருசக்கணக்கா சேர்ந்த எக்செல் மக்ரோ (வேலையை தானா செய்ய எழுதி வைச்ச கட்டளையள்) எல்லாம் அதில ஒழுங்கா ஓடாது. பாமினி எழுத்துருவை சேர்வரில ஒருக்கா போட்டா வேர்ட், லிப்ரே ரெண்டிலயும் வரும். ஆனா ரெண்டுமே வசனத்தின்ர முதல் எழுத்தை பெரிசாக்கப் பாக்கும், பாமினியில இங்கிலிஸ் சின்ன m அடிச்சா 'அ', பெரிய M அடிச்சா 'ஆ', அதால 'அறிவித்தல்' எண்டு அடிச்சா 'ஆறிவித்தல்' எண்டு நிக்கும். அந்த ஓட்டோ கரெக்ட்டை ஒவ்வொருத்தரின்ர புறொஃபைலிலயும் நிப்பாட்ட வேணும், எனக்கு அரை நாள் போச்சு.

கடைசியா 10 பேருக்கு என்டர்பிரைஸ் அப்ஸ், 4 பேருக்கு லிப்ரே எண்டு முடிச்சம். காலபோக அறுவடைக்கு வாற ரெண்டு மூண்டு தற்காலிக பிள்ளையளுக்கு மாச ஒப்பந்தம், அது 20 வீதம் கூட, ஆனா வருச ஒப்பந்தத்தில இடையில ஆளைக் குறைக்க ஏலாது.

இன்னொண்டு, ஒபிஸ் லைசன்ஸோட இது சேராது: சேர்வருக்குள்ள ஏறுறதுக்கே ஆர்டிஎஸ் கல் (RDS CAL) எண்ட லைசன்ஸை தனியா வாங்க வேணும். அது இல்லாமல் 120 நாள் மட்டும்தான் சும்மா விடும். இந்த இடத்தில நான் பாத்த அண்டு 97 நாள் முடிஞ்சிருந்தது, ஒருத்தருக்கும் தெரியாது.