இரண்டு நிமிட உருளையில் நான்கு நிமிடப் பாட்டு

பழைய போனோகிராப் மெழுகு உருளையை டிஜிட்டலாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இசைத்தட்டு பரவுவதற்கு முன் ஒலியைப் பதிந்து வைத்த மெழுகுக் குழாய் அது. (சிலிண்டர் என்றால் எங்கள் வீட்டில் கேஸ்தான், அதனால் உருளை.)

நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பழுப்பு உருளையைக் கொண்டுவந்து தந்தார். மூடியில் பென்சிலில் ‘அம்மா, கிறிஸ்துமஸ் 1899’. வீட்டிலேயே பதிந்தது, கொள்ளுப்பாட்டியின் குரலாம். எனக்கு இந்தப் பைத்தியம் உண்டென்று அவருக்குத் தெரியும். டிஜிட்டலாக்க ஆள் பிடித்துக் கொடுத்தது நான்தான். 180 டாலர், முழுவதும் முன்பணம்.

மூன்று வாரத்தில் ஃபைல் வந்தது. ஒரு பெண் பாடுகிறாள். பாட்டி அழுதுவிட்டார். எனக்குத்தான் உறுத்தியது: 3 நிமிடம் 52 நொடி. எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்று அந்த ஆளிடம் கேட்டேன். “நிமிடத்துக்கு 160 சுற்று, எல்லாமே அதுதான்” என்றார். அங்கேயே பிடிபட்டார். 1902க்குப் பிறகு அச்சில் வார்த்த உருளைகளுக்குத்தான் 160 நிலையானது. அதற்கு முந்தையவை 120, 144 என்று ஆளுக்கொரு வேகம், காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

உருளை திரும்பி வந்ததும் ஸ்கேலை ஒட்டி வைத்து லென்ஸில் எண்ணினேன். அங்குலத்துக்கு 100 வரி (உருளையைச் சுற்றி ஓடும், ஊசி போகும் பள்ளம்). நான்கு அங்குலத்துக்கு மொத்தமே 400 சுற்றுதான் தேறும், 160 வேகத்தில் இரண்டரை நிமிடம். அவர் சொன்ன கணக்குக்கு 600க்கு மேல் வேண்டும்! நான்கு நிமிட உருளை எடிசனிடமிருந்து வந்ததே 1908இல். வேறு எதையோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அதைவிடக் கொடுமை, உருளையில் ஸ்பிரிட் வாடை. வெள்ளைப் பூஞ்சையைத் தேய்த்து எடுத்திருக்கிறார். பூஞ்சை தூசியல்ல, மெழுகையே தின்று வளர்வது. இதில் ஒலி இருப்பது வரியின் ஆழத்தில், மேடும் பள்ளமுமாக. தேய்த்தால் குரலும் போச்சு. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வழவழவென்று இருக்கிறது.

கொடுப்பதாயிருந்தால் எந்த ஊசி, எவ்வளவு எடை என்று கேளுங்கள். பழைய மெஷினிலேயே ஓட்டுவேன் என்றால் உருளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆர்க்கியோபோன் போன்ற, ஊசி மெல்லத் தொடும் கருவிகள் இருக்கின்றன. தொடாமலே படமெடுத்து ஒலியாக்கும் ஐரீன் முறையும் இருக்கிறது, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவானது. இரைச்சல் நீக்காத முதல் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைக் கேட்டேன், போனை எடுப்பதில்லை. பாட்டியிடம் சொல்லப் போனபோது, பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பாட்டை அனுப்பி முடித்திருந்தார்.