ஃபார்மை மூட எது நல்லது: கையால் அணைப்பதா, ஆட்-ஆனா, ஸ்கிரிப்டா, வேறு கருவியா?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலக மாடியில் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி செய்யும் பயிற்சி வைத்திருந்தோம். லென்ஸ் 40 ஜோடி, அட்டைக்குழாய் 40. அதற்கு மேல் ஒன்றுகூடக் கையில் இல்லை. பதிவுக்குக் கூகுள் ஃபார்ம். மேலே கொட்டை எழுத்தில் "முதல் 40 பேருக்கு மட்டும்" என்று போட்டிருந்தோம். வெள்ளி இரவு லிங்க் வாட்ஸ்அப்பில் போனது. சனி காலை, பதில்கள் வந்து விழும் கூகுள் ஷீட்டைத் திறந்தால் 53 வரிகள்.

மிச்சம் 13 பேருக்கும் போன் போட்டோம். ஒருவர் எடுக்கவில்லை. மறுநாள் காலை அவர் மகளோடு வந்து நின்றார், இரண்டு பஸ் மாறி. பட்டியலில் பெயர் இல்லை என்றதும் போனை எடுத்து ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். "சார், பதிவாயிடுச்சுன்னு வந்துச்சே?" வந்திருந்தது உண்மைதான். அந்தப் பிள்ளை அதற்குள் செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு, கதவு வழியாக மேசைமேல் இருந்த லென்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எந்த ஃபார்ம் போட்டாலும் நான் முதலில் யோசிப்பது அதை எப்படி மூடுவது என்பதைத்தான். ஃபார்ம் திறந்திருக்கும்வரை நம் பெயரில் எல்லோரையும் "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நிரப்பியவருக்குக் கடைசியில் வரும் "உங்கள் பதில் பதிவாகிவிட்டது" என்ற வரியை அவர் இடம் உறுதி என்றுதான் எடுத்துக்கொள்வார். மூடுவதற்கு நான்கு வழிகளை இதுவரை பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். நான்கும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு இடத்தில் காலை வாரும்.

முதலில், மூடுவதுபோல் தோன்றி மூடாதவை

பலர் ஷீட்டுக்கும் ஃபார்முக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டு ஃபார்ம் மூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். மூடாது. பதில்கள் ஃபார்முக்குள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், ஷீட்டில் மட்டும் தெரியாது. இதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை, ஏனென்றால் ஆட்கள் பதிவு செய்துகொண்டிருப்பது நமக்கே தெரியாமல் போகிறது.

இன்னும் சிலர் ஃபார்மையே அழித்துவிடுகிறார்கள். அழித்த ஃபார்ம் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போயே போய்விடும். இணைத்த ஷீட் தங்கும் என்றாலும், லிங்கைத் தட்டி வருபவருக்குக் கோப்பு இல்லை என்ற புரியாத செய்திதான் கிடைக்கும். கேள்விகளை எல்லாம் எடுத்துவிட்டு "பதிவு முடிந்தது" என்று தலைப்பை மாற்றுவதும் உண்டு. அடுத்த மாதம் அதே ஃபார்ம் தேவைப்படும்போது எல்லாக் கேள்வியையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். இந்த மூன்றையும் விட்டுவிடலாம்.

கையால் அணைப்பது

கூகுள் ஃபார்ம்ஸில் "அக்செப்டிங் ரெஸ்பான்சஸ்" என்ற சுவிட்ச் இருக்கிறது. முன்பெல்லாம் ரெஸ்பான்சஸ் டேப்பின் தலையிலேயே இருந்தது. பப்ளிஷ் பட்டன் வந்த புதிய ஃபார்ம்களில் மேலே "பப்ளிஷ்டு" என்பதைத் தட்டினால் திறக்கும் பெட்டிக்குள் இருக்கிறது. அணைத்துவிட்டால், வருபவருக்குக் கேள்விகள் தெரியாது. நாம் எழுதி வைத்த செய்தி மட்டும் தெரியும். ஏற்கனவே வந்த பதில்களுக்கு ஒன்றும் ஆகாது.

50 பேருக்குள், தெரிந்தவர்களுக்குள் சுற்றும் ஃபார்முக்கு இதுவே போதும். கல்யாணத்துக்கு வருபவர் எண்ணிக்கை, பிள்ளைகளின் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுப்பது மாதிரி வேலைகளுக்கு இதற்கு மேல் போக வேண்டியதில்லை. வேறு அனுமதி கேட்காது, செலவு கிடையாது, தப்பாக அணைத்துவிட்டால் உடனே திரும்பப் போடலாம்.

ஆனால் அணைக்க வேண்டிய நேரத்தில் ஆள் விழித்திருக்க வேண்டும். எங்களுக்கு நடந்தது அதுதான். லிங்க் போனது இரவு ஒன்பது மணிக்கு, நாற்பதாவது பதில் வந்தது பதினொன்றே காலுக்கு. சுவிட்ச் யார் கையில் இருந்ததோ அவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் குறைந்தது இன்னொருவருக்காவது எடிட்டர் அனுமதி கொடுத்து வையுங்கள். போனிலேயே பிரவுசரில் ஃபார்மைத் திறந்து அணைக்கலாம், அதை ஒருமுறை செய்து காட்டியும் விடுங்கள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இரவு பதினொரு மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஃபார்ம்லிமிட்டர் ஆட்-ஆன்

தேதியை வைத்தோ எண்ணிக்கையை வைத்தோ தானாக மூடும் வசதி பல வருடங்களாகக் கூகுள் ஃபார்ம்ஸுக்குள் இல்லாமலே இருந்தது. அந்தக் குறைக்காக வந்த ஆட்-ஆன்களில் (ஃபார்மோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள்) நிறையப் பேர் கையில் இருப்பது ஃபார்ம்லிமிட்டர். (உங்கள் கணக்கில் கூகுளே அந்த வசதியைக் காட்டினால் முதலில் அதையே பயன்படுத்துங்கள், ஆட்-ஆன் வேண்டாம்.) இது மூன்று விதமாக மூடும்: குறிப்பிட்ட தேதியும் நேரமும் வந்ததும், இத்தனை பதில் வந்ததும், ஷீட்டின் ஒரு கட்டத்தில் நாம் சொன்ன மதிப்பு வந்ததும்.

முதல் இரண்டையும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவதைத்தான் நான் தூக்கிப் பிடிப்பேன். காரணம் இருக்கிறது. பதில்களின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒரு அம்மா ஒரே ஃபார்மில் "எத்தனை பிள்ளைகள்" என்ற இடத்தில் 3 என்று போடுவார். நாற்பது பதிலில் மூடினால் அறுபது பிள்ளைகள் வந்து நிற்பார்கள். இதற்கு ஷீட்டில் தனியாக ஒரு டேப் போட்டு, பிள்ளைகள் எண்ணிக்கை வரும் பத்தி முழுவதையும் கூட்டச் சொல்லி ஒரு சூத்திரம் எழுத வேண்டும். பதில்கள் விழும் டேப்பிலேயே எழுதாதீர்கள். ஒவ்வொரு பதிலுக்கும் புது வரி நுழைவதால் சூத்திரம் இடம் மாறிக் குழப்பும்.

இங்கே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. கூட்டுத்தொகை 40 ஆனதும் மூடு என்று சொன்னால், 38-இல் இருக்கும்போது மூன்று பிள்ளைகளோடு ஒருவர் பதிவு செய்கிறார், தொகை 41-க்குத் தாவிவிடுகிறது. 40 என்ற மதிப்பு வரவே இல்லை, ஃபார்மும் மூடாது. அதனால் கட்டத்தில் எண் வரக் கூடாது. கூட்டுத்தொகை 38 அல்லது அதற்கு மேல் போனால் "நிரம்பியது" என்ற சொல் வரும்படி இஃப் சூத்திரம் எழுதிவிட்டு, அந்தச் சொல் வந்தால் மூடு என்று ஆட்-ஆனுக்குச் சொல்ல வேண்டும். நாற்பது இடத்துக்கு ஏன் 38 என்றால், கடைசியாக வரும் குடும்பத்துக்கு இடம் வேண்டும், ஒரே நேரத்தில் பட்டனை அழுத்திய இருவருக்கும் இடம் வேண்டும்.

குறை என்றால் அனுமதிதான். நம் ஃபார்ம்களையும் ஷீட்டையும் பார்க்கவும் மாற்றவும் வெளியார் மென்பொருளுக்கு இடம் கொடுக்கிறோம். பிள்ளைகளின் பெயர், வயது, பெற்றோர் எண் எல்லாம் அதில் இருக்கும்போது நான் இதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத்தான் பயன்படுத்துகிறேன். பள்ளி, கல்லூரிக் கணக்குகளில் நிர்வாகி ஆட்-ஆன்களைத் தடுத்து வைத்திருப்பதும் உண்டு.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட்

ஃபார்மின் மூன்று புள்ளி மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது, ஃபார்முக்கு நாமே சிறு நிரல் எழுதும் இடம். அதில் "செட் அக்செப்டிங் ரெஸ்பான்சஸ்" என்ற கட்டளைக்கு "ஃபால்ஸ்" கொடுத்தால் ஃபார்ம் மூடும். மூடிய செய்தியை எழுதவும் தனிக் கட்டளை உண்டு. இரண்டையும் ஒரு சிறு ஃபங்ஷனில் போட்டு, குறிப்பிட்ட நேரத்திலோ ஒவ்வொரு பதில் வரும்போதோ ஓடும்படி ட்ரிகர் (தானாக ஓட வைக்கும் ஏற்பாடு) வைத்தால் முடிந்தது. வெளியார் கை எதுவும் இல்லை, நிபந்தனையை நம் இஷ்டத்துக்கு எழுதலாம். கொஞ்சம் நிரல் தெரிந்தவருக்கு ஆட்-ஆனைவிட இதுவே சுத்தம்.

இரண்டைக் கவனிக்க வேண்டும். பதில் வந்தபிறகுதான் ட்ரிகர் ஓடும், அந்தச் சில நொடிக்குள் இன்னும் ஓரிருவர் நுழைந்துவிடலாம். அடுத்தது நேர மண்டலம். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் கொல்கத்தா (இந்திய நேரம்) என்று இருக்கிறதா பார்த்துவிடுங்கள். அமெரிக்க நேரத்தில் இருந்தால் மாலை ஆறு மணிக்கு மூட வேண்டிய ஃபார்ம் விடியும்வரை திறந்து கிடக்கும். ட்ரிகர் வைத்தவரின் கணக்கில்தான் அது ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் அமைப்பை விட்டுப் போய்க் கணக்கும் மூடினால் ட்ரிகரும் நின்றுவிடும்.

வேறு கருவிக்கு மாறுவது

மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் செட்டிங்ஸிலேயே இருக்கின்றன. கடைசித் தேதி மட்டும் முக்கியமான விண்ணப்பம், கட்டுரைப் போட்டி போன்றவற்றுக்கு நல்லது. ஜாட்ஃபார்மில் தேதி, எண்ணிக்கை, அல்லது இரண்டில் எது முதலில் வருகிறதோ அது என்று வைக்கலாம். அங்கே இலவசக் கணக்குக்கு மாதம் 100 பதில் என்ற உச்சவரம்பு இருக்கிறது, கூட்டம் வரும் நிகழ்ச்சிக்கு அது பத்தாது. டேலியில் (கடைக் கணக்கு மென்பொருள் அல்ல, அதே பெயரில் உள்ள ஃபார்ம் கருவி) தேதியும் எண்ணிக்கையும் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் சென்னையிலிருந்து வரும் ஸோஹோ ஃபார்ம்ஸிலும் தேதி, எண்ணிக்கை இரண்டுக்கும் வரம்பு வைத்து, ஒவ்வொன்றுக்கும் செய்தி எழுத முடியும்.

எண்ணிக்கை வரம்பு உள்ள கருவிகளிலும் எண்ணப்படுவது பதில்கள்தான், தலைகள் அல்ல. அதனால் பிள்ளைக்கு ஒரு ஃபார்ம் என்று கண்டிப்பாகச் சொல்ல முடிகிற நிகழ்ச்சிக்குத்தான் இவற்றை எடுப்பேன். ஏற்கனவே கூகுள் ஷீட்டோடு பழகிய குழுவை இதற்காக மட்டும் வேறு இடத்துக்கு இழுப்பதும் சரியாகப் படவில்லை.

தேதி வைத்து மூடும்போது எந்தக் கருவியானாலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். "15-ஆம் தேதி வரை" என்றால் மக்களுக்கு 15-ஆம் தேதி இரவு வரை என்று அர்த்தம். கருவியில் 15, நள்ளிரவு 12:00 என்று போட்டால் 14 முடிந்த அடுத்த நிமிடமே மூடிவிடும். இரவு 11:59 என்று போடுங்கள், அறிவிப்பிலும் அதையே எழுதுங்கள்.

மூடியபின் தெரியும் வரி

இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். எந்த வழியில் மூடினாலும் தாமதமாக வருபவர் பார்ப்பது அந்த ஒரு செய்தியைத்தான். தானாக வரும் வரி, இனி பதில் ஏற்கப்படாது என்பதோடு நிற்கும். ஏன், அடுத்து எப்போது என்று சொல்லாது. நாங்கள் இப்போது எழுதுவது இது: "40 இடங்களும் நிரம்பிவிட்டன. பதிவு இல்லாமல் நேரில் வர வேண்டாம், லென்ஸ் கூடுதலாக இல்லை. அடுத்த பயிற்சி அடுத்த மாதம், அறிவிப்பு இதே குரூப்பில் வரும்." பதிவு செய்தவருக்கு வரும் நன்றி வரியையும் மாற்றிவிட்டோம்: "உங்கள் விவரம் கிடைத்தது. இடம் உறுதியானால் சனிக்கிழமை மதியத்துக்குள் நாங்கள் அழைப்போம்."

தொலைநோக்கிப் பயிற்சியை இந்த வருடம் மறுபடி வைத்தபோது ஃபார்ம்லிமிட்டரில் "நிரம்பியது" கட்டத்தைத்தான் வைத்தோம். 39 பிள்ளைகளில் மூடியது. மூடியதாக மெயில் வந்தாலும் நான் அதோடு விடுவதில்லை. கணக்கில் நுழையாத வேறொரு போனில் லிங்கைத் திறந்து, அந்தச் செய்தி தமிழில் சரியாகத் தெரிகிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் குரூப்பில் "பதிவு முடிந்தது" என்று போடுவேன்.