ஹூஸ்டனில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு: டெக்ஸ்-மெக்ஸ் உணவகமா, டாக்கேரியாவா?

ஹூஸ்டனுக்குக் குடிவந்த புதிதில் மெக்சிகோ உணவு என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெரிய கூடம், வண்ணக் காகிதத் தோரணங்கள், உட்கார்ந்ததும் கேட்காமலே வந்துவிடும் சிப்ஸ் கூடையும் சால்சாவும். சென்ற மாதம் ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனரை அத்தகைய டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சஸில் உருவான மெக்சிகோ பாணிச் சமையல்) உணவகத்துக்கு அழைத்துப்போகாமல், எட்டு மேசைகள் மட்டுமே கொண்ட ஒரு டாக்கேரியாவுக்கு, அதாவது டார்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியில் கறியை மடித்துத் தரும் டாக்கோக் கடைக்கு, அழைத்துச் சென்றேன். அடுத்த முறையும் அங்கேதான் போவேன்.

விலை, வேகம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டில் டாக்கேரியாவும், மூன்றாவதில் டெக்ஸ்-மெக்ஸும் முந்துகின்றன. சிப்ஸ் கூடையைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு: இலவசம் என்பதால் அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, பிறகு வரும் என்சிலாடாவை (குழம்பு ஊற்றிய டார்ட்டியாச் சுருள்)ப் பாதியில் பெட்டியில் கட்டி எடுத்துவந்த இரவுகள் பல.

டெக்ஸ்-மெக்ஸைப் போலி என்று ஒதுக்குபவர்களோடு நான் சேரமாட்டேன். 1973-இல் நின்ஃபா லொரென்சோ தம் டார்ட்டியா தொழிற்கூடத்தை ஒட்டிப் பத்து மேசைகளைப் போட்டு நாவிகேஷன் சாலையில் தொடங்கிய உணவகம்தான், சுட்ட இறைச்சிக் கீற்றுகளை டார்ட்டியாவில் வைத்துத் தின்னும் ஃபஹீட்டாவை இந்நகரில் பரவலாக்கியது. சீரகம் தூக்கலான குழம்பும், மஞ்சள் பாலாடைக்கட்டியும், கோதுமை டார்ட்டியாவும் டெக்சஸ் மெக்சிகர்களின் வீட்டுச் சமையலோடு தொடர்புடையவையே. கோதுமை டார்ட்டியா வட மெக்சிகோவிலும் அன்றாட உணவுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது மக்காச்சோள டார்ட்டியா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோல் கழலக் கழுவி அரைப்பார்கள். இப்படிப் பக்குவப்படுத்திய மக்காச்சோளத்துக்கு நிஸ்தமால் என்று பெயர். சுண்ணாம்பு சேராத வெறும் மக்காச்சோள மாவு பிசைந்தால் இப்படி ஒட்டி நிற்காது. அதிலுள்ள நியாசின் (வைட்டமின் பி3) சத்தும் உடலில் எளிதில் சேராது. மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துச் சென்று இந்த முறையை விட்டுவிட்ட நாடுகளில், அதையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழைகளை, அச்சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது இதனால்தான். கோதுமையிலுள்ள பசைத்தன்மை இந்த மாவுக்கு இல்லாததால், கல்லிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்கே அது மிருதுவாக இருக்கும். ஆறினால் மடிக்கும் இடத்தில் விரிசல் விடும். ஆகவே, அதை அங்கேயே தட்டிச் சுட்டு, அங்கேயே தின்ன வேண்டும்.

நாங்கள் போன கடையில் ஓர் அம்மையார் மாவை உருட்டி, இரும்பு அழுத்தியில் வைத்து நசுக்கி, கல்லில் போட்டு இரண்டு முறை திருப்பினார். புல்கா போல உப்பியதும் எடுத்தார். அதிலிருந்து எழுந்த மணத்தில் மழை பட்ட சுண்ணாம்புச் சுவரின் சாயல் இருந்தது. பக்கத்தில் ட்ரோம்போ என்னும் செங்குத்துக் கம்பியில் சுழன்ற பன்றியிறைச்சியைச் சீவி, மேலே செருகியிருந்த அன்னாசியிலிருந்து ஒரு துண்டைக் கத்தியாலேயே டார்ட்டியாவுக்குள் விழச்செய்தார் ஓர் இளைஞர். லெபனானிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் வாரிசுதான் இந்த அல் பஸ்தோர். மைத்துனர் முதல் டாக்கோவைக் கரண்டியால் சாப்பிட முயன்று, இரண்டாவதிலிருந்து கையில் எடுத்துக்கொண்டார்.

எல்லா டாக்கேரியாக்களும் இப்படி இல்லை. பல இடங்களில் பொட்டலத்தில் வரும் டார்ட்டியாவையே இரண்டிரண்டாக அடுக்கிச் சூடாக்கித் தருகிறார்கள். அப்படிப்பட்ட கடையைவிட, கோதுமை டார்ட்டியாவைக் கண்ணெதிரே சுடும் டெக்ஸ்-மெக்ஸ் உணவகமே மேல்.

மது அருந்தாதவன் என்பதால் மார்கரீட்டாவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல இயலாது. பன்னிரண்டு பேர் சேர்ந்து போவதானால் டெக்ஸ்-மெக்ஸே வசதியாக இருக்கும் என்பதும் என் ஊகமே. சைவர்களுக்கு இரண்டு இடங்களிலும் கவனம் தேவை: பீன்ஸில் பன்றிக்கொழுப்பும், சோற்றில் கோழிச்சாறும் பெரும்பாலும் இருக்கும். கொழுப்புக்கு அவர்கள் சொல்லும் சொல் மாந்தேகா. என் மனைவி அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கல்லாவில் இருந்தவர் பீன்ஸ் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சுட்ட கள்ளிமடலும் பாலாடைக்கட்டியும் வைத்த டாக்கோவைக் காட்டினார்.